ஏ.சி.யை யாரும் அணைக்கச் சொல்லவில்லை

பெரிய கட்டடங்களின் காற்றோட்ட விசிறிகளை வைத்து மின்கட்டமைப்பைச் சீராக வைத்திருக்கலாம் என்று சொன்னால், கேட்பவர்கள் இரண்டு தினுசாகப் புரிந்துகொள்கிறார்கள். "மத்தியானம் ஏ.சி.யை நிறுத்தி நம்மை வேக வைக்கப் போகிறார்கள்" என்பது ஒன்று. "கட்டடத்தையே பேட்டரி ஆக்கிவிட்டார்களாம்" என்பது இன்னொன்று. முதலாவது முழுக்கத் தவறு. இரண்டாவது பாதி சரி, பாதி விளம்பரம்.

நடப்பது என்னவோ மிகச் சாதாரணம். கட்டடத்தின் பெரிய விசிறி கொஞ்ச நேரம் சற்று வேகமாகவும், அடுத்த கொஞ்ச நேரம் சற்று மெதுவாகவும் சுழல்கிறது. உள்ளே உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு எதுவும் தெரிவதில்லை. ஆனால் கிரிட்டை, அதாவது மின்கட்டமைப்பை, நடத்துபவருக்கு அது காசு கொடுத்து வாங்கத் தக்க உதவி. ஒருவருக்குத் தெரியாமலே இன்னொருவருக்கு அது எப்படி உதவியாகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை.

## நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்

குழப்பத்துக்கு முதல் காரணம், நான்கு வேறு வேறு வேலைகளை ஒரே பெயரில் பேசுவது.

மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது ஒன்று. எல்.இ.டி. விளக்கு, நல்ல கண்ணாடி, ஐந்து நட்சத்திர ஏ.சி. எல்லாம் இதில் அடங்கும். மாத முடிவில் யூனிட் குறையும். உச்ச நேரத்துத் தேவையைத் தள்ளிப்போடுவது இரண்டாவது. மாலை ஆறு மணிக்கு ஓட வேண்டியதை இரவு பத்துக்கு ஓட்டுவது. யூனிட் குறையாது, நேரம் மட்டும் மாறும். மூன்றாவது லோடு ஷெட்டிங். நம் ஊரில் விளக்கம் தேவைப்படாத சொல். தாங்காது என்ற நிலையில் ஒரு பகுதியையே வெட்டி விடுவது.

நான்காவதுதான் நம் விஷயம். விநாடிக்கு விநாடி ஏற்படும் சின்னச் சின்ன ஏற்றத்தாழ்வைச் சமன் செய்வது. இதை அதிர்வெண் சீரமைப்பு என்று வைத்துக்கொள்வோம். இதில் யூனிட் மிச்சமாவதில்லை, நேரம் தள்ளிப்போவதில்லை, யாருக்கும் கரண்ட் போவதில்லை. ஒரு மணி நேரத்துக்கான கணக்கைப் பார்த்தால் அந்தக் கட்டடம் வழக்கமாக எடுக்கும் மின்சாரத்தையே எடுத்திருக்கும். எடுத்த விதத்தில்தான் மாற்றம்.

## 50 என்ற எண் ஏன் ஆடுகிறது

கல்யாண மண்டபத்தில் கரண்ட் போனதும் பின்பக்கம் டீசல் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும். சமையற்கட்டில் யாராவது பெரிய கிரைண்டரைப் போட்டால் ஜெனரேட்டரின் சத்தம் ஒரு கணம் அமுங்கி, பிறகு உறுமிக்கொண்டு மேலே ஏறும். அமுங்கிய அந்த ஒரு கணத்தில் இயந்திரம் நிஜமாகவே மெதுவாகச் சுழன்றது. கிரைண்டர் கேட்ட கூடுதல் சக்தியைக் கொடுக்க டீசல் இன்னும் வரவில்லை. அதுவரை சுழன்றுகொண்டிருந்த இரும்பின் வேகத்திலிருந்தே அந்தச் சக்தி எடுக்கப்பட்டது. வேகம் குறைந்ததைக் கவர்னர் என்ற கருவி கண்டுபிடித்து டீசலைக் கூட்டிய பிறகுதான் உறுமல்.

நாட்டின் மின்கட்டமைப்பும் இதே விதத்தில்தான் இயங்குகிறது. அனல், நீர், அணு மின்நிலையங்களின் ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே தாளத்தில் சுழல்கின்றன. அந்தத் தாளத்தின் அளவுதான் அதிர்வெண், அதாவது மின்னோட்டம் ஒரு விநாடியில் எத்தனை முறை திசை மாறித் திரும்புகிறது என்ற எண்ணிக்கை. இந்தியாவிலும் இலங்கையிலும் 50 ஹெர்ட்ஸ், அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ். உற்பத்தியைவிடத் தேவை கூடினால் எண் இறங்கும். தேவை குறைந்தால் ஏறும். இந்தியாவில் 49.90-க்கும் 50.05-க்கும் நடுவே வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 2013 டிசம்பர் 31-ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைந்ததிலிருந்து தென்னிந்தியாவும் வடக்கோடு ஒரே தாளத்தில் சுழல்கிறது. கோவையில் ஒரு மில் மோட்டார் ஓடத் தொடங்கினால், கணக்குப்படி பஞ்சாபில் உள்ள ஜெனரேட்டருக்கும் அதில் ஒரு துளி பங்கு உண்டு.

கம்பிகளில் மின்சாரத்தைச் சேர்த்து வைக்க முடியாது என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும். தொட்டியில் தண்ணீர் இருப்பதுபோல் கிரிட்டில் மின்சாரம் தேங்கி நிற்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை. அந்தந்த நொடிக்கு உண்டாவது அந்தந்த நொடியே செலவாக வேண்டும். கொஞ்சம் தவறினால் சுழலும் இரும்பின் வேகம்தான் அந்த வித்தியாசத்தை ஈடுகட்டும்.

எனவே ஒவ்வொரு கிரிட்டுக்கும் ஒரு கட்டுப்பாட்டு மையம் உண்டு. அது சில விநாடிகளுக்கு ஒரு முறை "கொஞ்சம் கூட்டு", "கொஞ்சம் குறை" என்று சில மின்நிலையங்களுக்குத் தானியங்கிச் சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும். வழக்கமாக நீர்மின் நிலையங்களும் எரிவாயு நிலையங்களும் அனல் நிலையங்களும் இதற்குக் கீழ்ப்படியும். காற்றாலையும் சூரிய மின்சாரமும் கூடக் கூட இந்தச் சிக்னல் அதிகம் ஆடுகிறது. மேகம் ஒன்று கடந்தாலே உற்பத்தி சரிந்து திரும்ப ஏறுகிறது.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: அதிர்வெண் என்பது உற்பத்திக்கும் தேவைக்கும் இடையிலான சமநிலையைக் காட்டும் முள். அதை நடுவில் நிறுத்த யாராவது ஓயாமல் கூட்டிக் குறைத்துக்கொண்டிருக்க வேண்டும். உற்பத்தியைக் கூட்டுவதும் தேவையைக் குறைப்பதும் அந்த முள்ளுக்கு ஒன்றுதான். இந்தக் கடைசி வரியில்தான் கட்டடங்களுக்கான கதவு திறக்கிறது.

## பாணந்துறைக் குரங்கும் ஒரு எச்சரிக்கையும்

2025 பிப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. இலங்கையில் பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டு, நாடு முழுவதும் இருண்டது. குரங்கை வைத்துச் சிரித்தவர்கள் பலர். ஒரு குரங்கால் ஒரு நாடே ஏன் சாய்ந்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. விடுமுறை நாள், தேவை குறைவு. நல்ல வெயில், சூரிய மின்சாரத்தின் பங்கு அதிகம். சூரியத் தகடுகளில் சுழலும் இரும்பு கிடையாது. அதிர்ச்சியைத் தாங்க வேண்டிய சுழல் எடை அன்று குறைவாக இருந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "கட்டட விசிறிகள் இருந்திருந்தால் தடுத்திருக்கலாமே" என்று யாராவது கேட்பார்கள். தடுத்திருக்க முடியாது. அப்படிப்பட்ட சரிவு சில விநாடிகளில் முடிந்துவிடும். நாம் பேசும் சேவை அன்றாட நடுக்கத்துக்கானது, விபத்துக்கானது அல்ல. இரண்டையும் கலந்து பேசி அளவுக்கு மீறி வாக்குறுதி கொடுப்பவர்களால்தான் இந்த நல்ல யோசனைக்குக் கெட்ட பெயர்.

## பெரிய கட்டடத்துக்குள் காற்று போகும் வழி

வீட்டு ஸ்ப்ளிட் ஏ.சி.யை முதலில் மறந்துவிடுவோம். அது அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறது. வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதே இல்லை. மொட்டை மாடியில் இருக்கும் பெட்டி வெளிக்காற்றை இழுத்து உள்ளே அனுப்புவதாக நினைப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். அந்தப் பெட்டி சூட்டை வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான்.

மால், மருத்துவமனை, ஐ.டி. பூங்கா போன்றவற்றில் அமைப்பு வேறு. அடித்தளத்திலோ மாடியிலோ சில்லர் என்ற பெரிய இயந்திரம் தண்ணீரைக் குளிர்விக்கும். ஒவ்வொரு தளத்திலும் ஏ.எச்.யு. என்று பராமரிப்புக்காரர்கள் சொல்லும் ஒரு அறை இருக்கும். கதவைத் திறந்தால் ஒரு லாரி அளவுக்குத் தகரப் பெட்டி. அறைகளிலிருந்து திரும்பி வரும் காற்றும், வெளியிலிருந்து எடுக்கும் புதுக்காற்றும் அதற்குள் கலந்து, வடிகட்டியைத் தாண்டி, குளிர்ந்த தண்ணீர் ஓடும் குழாய்ச் சுருளின் மேல் பட்டு, பெரிய விசிறியால் டக்ட் என்ற தகரக் காற்றுக்குழாய் வழியே எல்லா அறைக்கும் தள்ளப்படும். உத்தரத்துக்கு மேலே, ஒவ்வொரு பகுதிக்கும் முன்னால் ஒரு சின்னப் பெட்டியில் மடல் ஒன்று இருக்கும். அறை குளிர்ந்துவிட்டால் மடல் மூடிக்கொள்ளும், சூடானால் திறக்கும். ஆள் இல்லாத மீட்டிங் ரூமுக்குக் காற்று குறைவாகவும், கூட்டம் நடக்கும் ரூமுக்கு அதிகமாகவும் போவது இந்த மடலால்தான்.

மடல்கள் மூடினால் டக்ட்டில் அழுத்தம் ஏறும். உடனே விசிறி வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக விசிறி மோட்டாருக்கு வி.எஃப்.டி. என்ற கருவி மாட்டியிருப்பார்கள். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றி, வேகத்தை எந்த அளவுக்கும் கூட்டவும் குறைக்கவும் அதால் முடியும். இவை அனைத்தையும் ஒரு கணினி மேற்பார்வை பார்க்கும். அதன் பெயர் பி.எம்.எஸ்.

ஆக, ஒரு பெரிய மோட்டார், அதன் வேகத்தை நுணுக்கமாக மாற்றும் கருவி, அந்தக் கருவியோடு பேசும் கணினி மூன்றும் கட்டடத்தில் ஏற்கனவே இருக்கின்றன. கிரிட்டுக்கு உதவ வேண்டும் என்று இவற்றை யாரும் வைக்கவில்லை. பில் குறையட்டும் என்று வைத்தவை. புதிதாகத் தேவைப்படுவது பெரும்பாலும் மென்பொருள்தான்.

சில்லரை ஏன் ஆட்டக் கூடாது? ஆட்டலாம், ஆனால் அது சோம்பேறி. கம்ப்ரசரின் வேகத்தை நினைத்த நொடியில் மாற்ற முடியாது; அடிக்கடி நிறுத்தி ஓட்டினால் ஆயுள் போய்விடும். விசிறி சொன்ன சில விநாடிகளில் கேட்கும்.

## ஐந்து குறைத்தால் பதினான்கு குறையும்

விசிறிக்கு ஒரு விசேஷக் கணக்கு உண்டு. அது எடுக்கும் மின்சாரம் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். அதாவது வேகத்தை மூன்று முறை பெருக்கிப் பார்க்க வேண்டும். 95 சதவீத வேகத்தில் 0.95 × 0.95 × 0.95 = 0.857. வேகம் 5 சதவீதம்தான் குறைந்தது, மின்சாரமோ 14 சதவீதம் குறைந்துவிட்டது. 80 சதவீத வேகத்தில் ஓடினால் மின்சாரம் ஏறத்தாழப் பாதி.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். 30 கிலோவாட் விசிறி, 80 சதவீத வேகத்தில் ஓடுகிறது. எடுப்பது சுமார் 15.4 கிலோவாட். கிரிட்டுக்காக 4.5 கிலோவாட் மேலேயும் கீழேயும் ஆட்டலாம் என்று முடிவு செய்தால், வேகம் ஏறத்தாழ 71 சதவீதத்துக்கும் 87 சதவீதத்துக்கும் இடையே போய்வரும். மேலும் கீழும் சம நேரம் இருந்தால் சராசரி வேகம் 79.2 சதவீதம். மொத்தத்தில் அறைக்குப் போன காற்று ஒரு சதவீதம்தான் குறைவு.

உண்மைக் கட்டடத்தில் மும்மடிக் கணக்கு அச்சு அசலாக வராது. டக்ட்டில் குறிப்பிட்ட அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பார்கள், மோட்டாரின் சொந்த இழப்பும் உண்டு. ஆனாலும் போக்கு இதுதான்: காற்றில் சின்ன மாற்றம், மின்சாரத்தில் பெரிய மாற்றம்.

## அறைக்கு ஏன் தெரிவதில்லை

தோசைக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். கனமான இரும்புக் கல், நன்றாகக் காய்ந்திருக்கிறது. தீயைப் பத்து விநாடி குறைத்து, பத்து விநாடி கூட்டி, மறுபடி குறைத்து விளையாடினால் கல்லின் சூடு மாறுமா? மாறாது. தோசை வழக்கம்போலவே வரும். அதே தீயை ஐந்து நிமிடம் குறைத்தபடியே விட்டுவிட்டால் கல் ஆறிப்போய் மாவு ஒட்டும். கல்லுக்குத் தீயின் சராசரிதான் தெரியும், துடிப்பு தெரியாது. கல் எவ்வளவு கனமோ அவ்வளவு நீண்ட துடிப்பை அது விழுங்கும்.

கட்டடமும் கனமான பொருள்தான். கான்கிரீட் தளம், சுவர், மேசை, அலமாரி, காகிதக் கட்டுகள் எல்லாமே வெப்பத்தைப் பிடித்து வைத்திருக்கின்றன. காற்று அரை நிமிடம் கொஞ்சம் குறைந்து, அடுத்த அரை நிமிடம் கொஞ்சம் கூடினால் அறையின் வெப்பநிலை அசையாது. இப்படி மெதுவாகச் சூடேறி மெதுவாக ஆறும் தன்மைக்கு வெப்ப நிலைமம் என்று பெயர். கிரிட்டில் சுழலும் இரும்பு செய்யும் வேலையை இங்கே கான்கிரீட் செய்கிறது.

## எட்டு விநாடிக்கும் மூன்று நிமிடத்துக்கும் நடுவில்

இப்போது நிஜக் கட்டடத்துக்குப் போவோம். அமெரிக்காவின் ஃப்ளோரிடா பல்கலைக்கழக வளாகத்தில், கெய்ன்ஸ்வில் நகரில், பியூ ஹால் என்று ஒரு கட்டடம் இருக்கிறது. வகுப்பறைகளும் அலுவலகங்களும் ஒரு பெரிய அரங்கமும் கொண்ட சாதாரணக் கட்டடம். பிரபீர் பரூவா, ஷான் மெய்ன் ஆகிய பேராசிரியர்களின் குழு அதன் தரவுகளை வைத்து முதலில் கணினி மாதிரி கட்டியது. 2014-இல் வந்த அவர்களது ஆய்வுக் கட்டுரை, விசிறியின் முழுத் திறனில் 15 சதவீதம் வரை கிரிட்டின் சிக்னலுக்கு ஏற்ப ஆட்டினாலும் உள்ளே வெப்பநிலை அநேகமாக மாறவில்லை என்று காட்டியது. பிறகு அதே கட்டடத்தில் நிஜமாகவே ஓட்டிப் பார்த்து முடிவுகளை வெளியிட்டார்கள்.

அந்தக் கட்டுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது 15 சதவீதம் அல்ல. அவர்கள் குறித்த எல்லை. சிக்னலின் ஒரு ஏற்ற இறக்கச் சுற்று சுமார் 8 விநாடிக்கும் 3 நிமிடத்துக்கும் இடைப்பட்டதாக இருந்தால்தான் விசிறி அதை ஒழுங்காகப் பின்பற்றும் என்றார்கள். ஏன் அந்த இரண்டு வேலிகள்?

எட்டு விநாடி வேலி புரிந்துகொள்ள எளிது. விசிறியும் மோட்டாரும் கனமானவை. வி.எஃப்.டி.யும் வேகத்தை ஒரே தாவலில் மாற்றாமல், பெல்ட்டும் பேரிங்கும் கெடாதபடி படிப்படியாகவே மாற்றும். அதைவிட வேகமான துடிப்பைக் கொடுத்தால் மோட்டார் பின்தங்கிவிடும், தேய்மானம்தான் மிச்சம்.

மூன்று நிமிட வேலிதான் சுவாரசியம். கட்டடத்துக்குள் ஏற்கனவே ஒரு நிர்வாகம் நடக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. கிரிட்டுக்காக நாம் விசிறியின் வேகத்தைக் குறைக்கிறோம். டக்ட் அழுத்தம் இறங்குகிறது. உத்தரத்துக்கு மேலே இருக்கும் மடல்கள், "என் அறைக்குக் காற்று போதவில்லை" என்று அகலத் திறக்கின்றன. அழுத்தத்தைக் கவனிக்கும் கருவி, "இறங்கிவிட்டதே" என்று விசிறியைப் பழைய வேகத்துக்குத் தள்ளப் பார்க்கிறது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் தெர்மோஸ்டாட் விழித்துக்கொள்ளும், சுருளில் ஓடும் குளிர்நீரின் வால்வு அசையும், சில்லரும் கணக்கில் வரும். நாம் ஒரு பக்கம் இழுக்க, கட்டடம் மறுபக்கம் இழுக்கும். மீட்டரில் பார்த்தால் நாம் கேட்டது ஒன்று, நடந்தது வேறொன்றாக இருக்கும். மூன்று நிமிடத்துக்குள் திரும்பிவிட்டால் இந்த நிர்வாகம் பெரிதாக விழித்துக்கொள்வதற்குள் வேலை முடிந்துவிடும்.

இதனால்தான் மேலிருந்து வரும் சிக்னலை அப்படியே விசிறிக்குக் கொடுப்பதில்லை. முதலில் வடிகட்டுவார்கள். மெதுவாக ஏறி இறங்கும் பகுதியை மின்நிலையங்களுக்கே விட்டுவிட்டு, இந்த நடுத்தர வேகத் துடிப்பை மட்டும் பிரித்து, "இவ்வளவு கிலோவாட் ஆட்டு" என்பதை "இவ்வளவு வேகம் மாற்று" என்று கணக்கிட்டு, கட்டடத்தின் சொந்த உத்தரவோடு கூட்டி விசிறிக்கு அனுப்புவார்கள். கட்டடத்தின் உத்தரவு அழிக்கப்படுவதில்லை. அதன் மேல் ஒரு சின்ன நடுக்கம் ஏற்றப்படுகிறது, அவ்வளவே.

அமெரிக்காவில் உள்ள வணிகக் கட்டடங்களின் விசிறிகள் எல்லாம் சேர்ந்தால் அன்றைய தேசியச் சீரமைப்புத் தேவையில் சுமார் 70 சதவீதத்தைக் கொடுக்க முடியும் என்றும் அந்த ஆய்வு மதிப்பிட்டது. இந்த எண்ணைத்தான் பலரும் தலைப்பில் போட்டார்கள். தகுந்த விசிறிகள் எல்லாம் பங்கெடுத்தால் எட்டக்கூடிய கற்பனை உச்சம் என்றே அதைப் படிக்க வேண்டும்.

சுருக்கம்: விசிறி வேகமாகக் கீழ்ப்படியும், கட்டடத்தின் எடை அதை மறைக்கும். மிக வேகமான துடிப்பை மோட்டார் தாங்காது. மிக மெதுவான துடிப்பைக் கட்டடத்தின் சொந்தக் கட்டுப்பாடு எதிர்க்கும். நடுவில் இருக்கும் பட்டைதான் நமக்கு.

## "கட்டடமே பேட்டரி" என்பது எவ்வளவு சரி

சிக்னல் "ஏற்று" என்னும்போது கட்டடம் வழக்கத்தைவிட அதிகம் எடுக்கிறது; கொஞ்சம் கூடுதலாகக் குளிர்கிறது. "இறக்கு" என்னும்போது குறைவாக எடுத்து அந்தக் குளிரைச் செலவழிக்கிறது. கிரிட்டின் பக்கமிருந்து பார்த்தால் பேட்டரி சார்ஜ் ஆகி டிஸ்சார்ஜ் ஆவது போலவே தெரியும். அந்த அளவுக்கு அந்தப் பெயர் நியாயம்தான்.

ஆனால் இந்தப் பேட்டரியிலிருந்து ஒரு யூனிட்கூட வெளியே வராது. கரண்ட் போனால் கட்டடத்தை இது காப்பாற்றாது. விசிறி ஓடாத இரவில் இந்தப் பேட்டரி இல்லவே இல்லை. போட்டது முழுவதும் திரும்பி வருமா என்பதிலும் சிக்கல் இருந்தது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் பெரிய கட்டடம் ஒன்றில், தெர்மோஸ்டாட் அளவை ஒரு மணி நேரச் சுற்றில் ஏற்றி இறக்கிச் சோதித்தபோது, திரும்பக் கிடைத்தது பாதிக்கும் குறைவு என்று வந்தது. ஒரே ஒரு சுற்றை அளந்தால் அப்படித் தெரியும், தொடர்ந்து பல சுற்றுகள் ஓட்டினால் இழப்பு குறையும் என்று பின்னால் வந்த கணக்கீடுகள் காட்டின. அது மணிக்கணக்கில் வெப்பநிலையை மாற்றிய சோதனை, இங்கே பேசுவது விநாடிக்கணக்கில் விசிறியை ஆட்டுவது. இரண்டுக்கும் ஒரே எண்ணைப் பொருத்தக் கூடாது. ஆனால் "இலவசப் பேட்டரி" என்று கூவுபவரிடம் அந்தச் சோதனையை ஞாபகப்படுத்துவதில் தவறில்லை.

## மூச்சு முட்டாதா?

கொரோனாவுக்குப் பிறகு இந்தக் கேள்வி கூடிவிட்டது, நியாயமான கேள்வியும்கூட. ஒரு அறையில் இத்தனை பேர் இருந்தால் இவ்வளவு புதுக்காற்று வர வேண்டும் என்று குறைந்தபட்ச அளவு உண்டு. அமெரிக்காவில் ஆஷ்ரே 62.1 என்ற தரநிலை இதைச் சொல்கிறது. விசிறியின் ஆட்டம் அந்த அளவுக்குக் கீழே போகாதபடி தரைமட்டம் ஒன்று வைத்துத்தான் ஓட்ட வேண்டும். அறையில் கரியமில வாயு சேர்வதும் கலைவதும் பல நிமிடங்கள் பிடிக்கும் வேலை. அரை நிமிட ஏற்ற இறக்கத்தை அது கண்டுகொள்ளாது. அறுவை அரங்கு, கிருமித் தனிமை வார்டு, மருந்து ஆலையின் சுத்த அறை போன்ற இடங்களில் காற்றழுத்தத்தை அணுவளவும் மாற்றக் கூடாது. அவற்றை ஆரம்பத்திலேயே விலக்கிவிட வேண்டும். சத்தமும் ஒரு தொல்லை. விசிறியின் ஓசை ஒரே சீராக இருந்தால் காதுக்குப் பழகிவிடும், ஏறி ஏறி இறங்கினால் அமைதியான நூலகத்தில் யாராவது தலையைத் தூக்கிப் பார்ப்பார்கள்.

## அப்படியென்றால் ஏன் எல்லாக் கட்டடத்திலும் இல்லை

யோசனை புதிதல்ல. தேவையும் அதிர்வெண்ணைக் கவனித்துத் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளலாம் என்று அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃப்ரெட் ஷ்வெப்பெ 1980 வாக்கிலேயே எழுதிவிட்டார். இந்தச் சேவையைக் காசு கொடுத்து வாங்கும் சந்தை திறக்கத்தான் நாளாயிற்று. அமெரிக்க மத்திய எரிசக்தி ஒழுங்குமுறை ஆணையம் 2011 அக்டோபரில் 755-ஆம் எண் ஆணையைப் போட்டது: வேகமாகவும் துல்லியமாகவும் சிக்னலைப் பின்பற்றுபவருக்கு அதற்கேற்ற கூலி கொடு. அமெரிக்காவின் 13 மாநிலங்களிலும் தலைநகரிலும் மின்கட்டமைப்பைக் கவனிக்கும் பி.ஜே.எம். அமைப்பு 2012 அக்டோபரிலிருந்து அதை நடைமுறைப்படுத்தியது. மெதுவான சிக்னல் ஒன்று, வேகமான சிக்னல் ஒன்று என்று இரண்டாகப் பிரித்தார்கள். வேகமானது இரண்டு விநாடிக்கு ஒரு முறை வந்தது. சிறிது நேரத்தில் கூட்டலும் கழித்தலும் சமமாகும்படி அமைத்திருந்தார்கள். கட்டட விசிறிக்கென்றே தைத்த சட்டை மாதிரி.

சட்டையைப் போட்டுக்கொண்டது லித்தியம் பேட்டரிகள். சந்தையில் சேரக் குறைந்தபட்சம் 100 கிலோவாட் வேண்டும். மேலே சொன்ன 30 கிலோவாட் விசிறி தருவது 4.5. இருபத்து மூன்று விசிறிகளைச் சேர்த்தால்தான் வாசலுக்கே வர முடியும். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் வேறு பி.எம்.எஸ்., வேறு வயது, வேறு உரிமையாளர். பேட்டரி வைத்திருப்பவர் ஒரே இடத்தில் கண்டெய்னர்களை இறக்கி, ஒரே கேபிளில் மெகாவாட் கணக்கில் கொடுத்துவிடுகிறார். தேவையும் கடல் அளவு இல்லை. பி.ஜே.எம். உச்ச நேரத்திலும் சீரமைப்புக்கென்று வாங்கிவந்தது 800 மெகாவாட் அளவில்தான். அந்த அமைப்பின் மொத்தத் தேவை 2006 கோடையில் 1,65,000 மெகாவாட்டைத் தாண்டியது என்பதோடு ஒப்பிட்டால் அது சொற்பம். முதலில் வந்தவர்கள் நிரப்பிவிட்டார்கள்.

இந்தியாவிலும் கதவு சட்டப்படி திறந்திருக்கிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022-ஆம் ஆண்டு விதிகள், மின்நிலையங்களோடு சேமிப்பு அமைப்புகளும் தேவையைக் கூட்டிக் குறைக்கத் தெரிந்தவர்களும் இந்தச் சேவையைத் தரலாம் என்கின்றன. ஆனால் ஒரு தனிக் கட்டடத்துக்கு இதில் வரும் வருமானம் மின்கட்டணத்தோடு ஒப்பிட்டால் சில்லறைதான். வளாகம் முழுவதும் ஒரே நிர்வாகத்தில் இருக்கும் பல்கலைக்கழகம், விமான நிலையம், பெரிய ஐ.டி. பூங்கா போன்றவற்றுக்குத்தான் முதலில் கணக்குக் கட்டுப்படியாகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஏ.எச்.யு. அறையில் வி.எஃப்.டி. பெட்டியின் முகப்பைப் போய்ப் பார்க்க வேண்டும். அதில் "ஹேண்ட்", "ஆட்டோ" என்று இரண்டு நிலைகள் இருக்கும். ஏதோ ஒரு கோடையில் ஐந்தாம் மாடியிலிருந்து "குளிரவே இல்லை" என்று புகார் வந்திருக்கும். டெக்னீஷியன் ஹேண்டில் போட்டு 50 ஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டுப் போயிருப்பார். புகார் நின்றிருக்கும், யாரும் திரும்ப மாற்றியிருக்க மாட்டார்கள். அந்த நிலையில் பி.எம்.எஸ். என்ன சொன்னாலும் விசிறிக்குக் காது கேட்காது; கிரிட்டின் சிக்னல் எங்கே கேட்கப் போகிறது? ஆட்டோவில் போட்டு, மடல்களையும் அழுத்த சென்சாரையும் சரிபார்த்து ஓட்டினால், கிரிட்டிலிருந்து ஒரு பைசா வருவதற்கு முன்பே மும்மடிக் கணக்கு மின்கட்டணத்தில் தன் வேலையைக் காட்டிவிடும்.